நூறு கிலோவுக்கு மேல்

பத்தாம் கட்டிலிலும் பதினோராம் கட்டிலிலும் கிடந்த இரண்டு பெண்களுக்கும் ஒரே நாளில், ஒரே மேசையில், ஒரே கையால் பித்தப்பை வெட்டி எடுக்கப்பட்டது. இரண்டு பேருக்கும் வலது விலாவுக்குக் கீழே சாண் நீளத்தில் வெட்டு. பத்தாம் கட்டில்காரிக்கு ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை கடும் நோவைத் தணிக்கும் பெதிடின் ஊசி. பதினோராம் கட்டில்காரிக்குப் பனடோல் குளிசை. கட்டில் தலைமாட்டில் தொங்கும் சீட்டை நாங்கள் ரிக்கற் என்போம். டொக்டர் என்ன எழுதுகிறாரோ அதுதான் அங்கே சட்டம். பதினோராம் கட்டிலின் ரிக்கற்றில் டொக்டர் சண்முகநாதன் சிவப்பு மையால் 'பெதிடின் வேண்டாம்' என்று இங்கிலீசில் எழுதி, கீழே இரண்டு கோடும் கீறியிருந்தார்.

பனடோல் தலையிடிக்குப் போடுகிற மருந்து. வயிற்றைத் திறந்து மூடிய ஒருத்திக்கு அதைக் கொடுத்துவிட்டு, மருந்து கொடுத்தோம் என்று சொல்ல வெட்கமாயிருக்க வேண்டும். எங்களுக்கு இருக்கவில்லை.

இது 1993 மாசி மாதம். யாழ்ப்பாணத்தில் அந்த ஆஸ்பத்திரி எது என்று நான் சொல்லப்போவதில்லை. பெண்கள் சத்திரசிகிச்சை வாட்டுக்கு அப்போது நான்தான் பொறுப்பு நேர்ஸ், பெயர் ஞானாம்பிகை. மருந்து தட்டுப்பாடான காலம் என்பது உண்மை. ஆனால் அந்தக் கிழமை தட்டுப்பாடு இல்லை. செஞ்சிலுவைக் கப்பல் வந்துபோய் ஆறு நாள்தான் ஆகியிருந்தது. பூட்டு அலுமாரிக்குள் பெதிடின் இரண்டு பெட்டி முழுசாக இருந்தது. திறப்பு என் இடுப்பில் இருந்தது. இல்லாத மருந்தைக் கொடுக்க முடியாது என்று யாராவது இந்தக் கதைக்கு நியாயம் சொல்ல வந்தால், தயவுசெய்து வரவேண்டாம்.

பதினோராம் கட்டில்காரியின் பெயர் மக்டலீன். குருநகர். நாற்பத்திரண்டு வயது. புருஷன் யாகப்பு கடலுக்குப் போகிறவர், நேவி போகவிட்டால். இவள் மீன் கடகத்தைத் தலையில் வைத்துச் சுண்டுக்குளிவரை நடந்து விற்றவள். பெருத்த உடம்பு. வாட்டுத் தராசில் ஏற்றியபோது முள் நூறில் முட்டி நின்றுவிட்டது. அதற்கு மேலே அந்தத் தராசில் எண் இல்லை. ரிக்கற்றில் 'நூறு கிலோவுக்கு மேல்' என்று எழுதினார்கள். நிவாரண அரிசி முழுவதும் எங்கே போகிறது என்று இப்போது விளங்குகிறது என்றார் டொக்டர் சண்முகநாதன். அற்றெண்டன்மார் சிரித்தார்கள். மக்டலீனும் சேர்ந்து சிரித்தாள். அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. தன்னைப் பற்றி எவர் எது சொன்னாலும் முதல் ஆளாய்ச் சிரித்துவிடுகிற பழக்கம் அவளுக்கு இருந்தது.

ஒப்பரேசன் முடிந்த மறுநாட் காலை நான் வேலைக்கு வந்தபோது அவள் சிரிக்கவில்லை. மல்லாந்து, இரண்டு கையாலும் கட்டில் கம்பியைப் பிடித்தபடி கிடந்தாள். பக்கத்தில் தங்கை ஸ்ரெல்லா பனையோலை விசிறியால் விசிறிக்கொண்டிருந்தாள். மூச்சை நல்லாக இழுத்துவிடுங்கோ, இருமுங்கோ என்று சொன்னேன். வயிற்றில் வெட்டுப்பட்டவர்களுக்கு நாங்கள் முதலில் சொல்வது அதுதான். ஆழமாக மூச்சு விடாவிட்டால் சளி நெஞ்சின் அடியில் தங்கும், தங்கினால் காய்ச்சல், காய்ச்சல் முற்றினால் சாவு. அவள் ஒருதரம் இழுத்துப் பார்த்தாள். பாதி வழியில் நின்றுவிட்டது. கண்ணிலிருந்து தண்ணீர் காதுக்குள் ஓடியது.

"ஏலாது மிஸ்ஸி," என்றாள். "என்ரை உடம்பாலை எல்லாருக்கும் கரைச்சல்."

பத்தாம் கட்டிலில் செல்வநாயகி ரீச்சர் எழுந்து உட்கார்ந்து தேத்தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். கரவெட்டியில் முப்பது வருடம் படிப்பித்து ஓய்வுபெற்றவர். தும்புக்கட்டை போல மெலிந்த மனுசி. அவர் என்னைக் கூப்பிட்டு, தனக்கு இரவு ஊசி போட்ட பிறகு நித்திரை வந்ததாகவும், பக்கத்துக் கட்டில்காரி ஒரு பொட்டும் கண்மூடவில்லை என்றும் சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, அவவுக்கும் அதைப் போட்டால் என்ன என்று கேட்டார். டொக்டர் எழுதவில்லை என்றேன். ஏன் எழுதவில்லை என்று கேட்டார். முப்பது வருடம் பிள்ளைகளைக் கேள்வி கேட்டவரிடம் தப்ப முடியாது. வேலை கிடக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்ந்தேன்.

ஒன்பது மணிக்கு டொக்டர் வந்தார். நல்ல சத்திரசிகிச்சை நிபுணர். அதை மறைத்துப் பேசினால் நான் பொய்க்காரி. ஷெல் விழுந்த நாட்களில் லாம்பு வெளிச்சத்தில் குடல் தைத்த கை அவருடையது. ஒத்த ஆட்கள் எல்லோரும் கொழும்புக்கும் வெளிநாட்டுக்கும் ஓடியபோது இங்கேயே நின்றவர். ஆனால் கை நல்லதாக இருப்பவருக்கு நாக்கும் நல்லதாக இருக்கவேண்டும் என்று ஒரு சட்டமும் இல்லை. நான் பதினோராம் கட்டிலுக்கு ஏதாவது கொஞ்சம் எழுதித் தரும்படி கேட்டேன். அரைவாசி அளவு போதும் என்றேன். அவர் மக்டலீனைப் பார்க்காமல் எனக்குச் சொன்னார்.

"கொழுத்த ஆக்களுக்குப் பெதிடின் போட்டா மூச்சு நிக்கும். ஏரம்புவை மறந்திட்டீரோ?"

ஏரம்பு. அந்தப் பெயரைச் சொன்னால் நான் வாயை மூடிவிடுவேன். இரண்டரை வருடமாக அப்படித்தான். நான் ஏன் மூடினேன் என்பதை இப்போது சொல்லவேண்டும். சொல்லாமல் டொக்டர்மேல் மட்டும் கோபப்பட்டால் அது களவு.

ஏரம்பு என்னுடைய ஊர், சண்டிலிப்பாய். புகையிலைத் தோட்டக்காரர். நெஞ்சும் வயிறும் ஒன்றாய்ப் பெருத்த, நல்லாகச் சாப்பிடுகிற, நல்லாகச் சிரிக்கிற மனுசன். 1990 ஐப்பசியில் அவருக்குக் குடலிறக்கம் வெட்டினார்கள். அப்போது நான் ஆண்கள் வாட்டில் வேலை. சண்டை தொடங்கி நாலு மாதம், மண்ணெண்ணெய் இல்லை. வாட்டுக்கு ஒரு ஜாம்போத்தல் விளக்குத்தான் தருவார்கள். அதையும் காயக்காரர் வந்தால் தேவை என்று அணைத்து வைத்திருப்போம். அந்த இருட்டில் ஊசிப் புத்தகத்தில் எழுத முடியாது. அதனால் பொழுதுபட்ட பிறகு போட்ட ஊசியையெல்லாம் மனதில் வைத்திருந்து, மறுநாள் விடிய வெளிச்சத்தில் இருந்து ஒன்றாக எழுதுவது வழக்கமாகிவிட்டது. தலைமை நேர்ஸான மேற்றனுக்கும் தெரியும். எல்லோருக்கும் தெரியும். கெட்டித்தனம் என்றே நினைத்தோம். மண்ணெண்ணெய் மிச்சம்.

அன்று பின்னேர வேலை நேர்ஸ் செபஸ்தியம்மாவுக்கு. பொழுதுபட்டு ஆறே காலுக்கு ஏரம்புவுக்குப் பெதிடின் ஊசி போட்டாள். போட்ட கையோடு பொம்மர் விமானம் வந்துவிட்டது. நடக்கக்கூடியவர்கள் பங்கருக்குள்ளும், மற்றவர்கள் கட்டிலுக்குக் கீழும். அது போய் முடிய ஏழு மணி. செபஸ்தியம்மாவின் பிள்ளைகள் வீட்டில் தனிய. அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஓடிவிட்டாள். இரவு வேலைக்கு வந்த எனக்கு ஒன்றும் சொல்லவில்லை. நான் ஏழரைக்குத் தீக்குச்சி கிழித்துப் புத்தகத்தைப் பார்த்தேன். மத்தியானத்துக்குப் பிறகு ஒன்றும் எழுதியிருக்கவில்லை; பொம்மர் அமளியில் பின்னேர ஊசி தவறிவிட்டது என்று எடுத்துக்கொண்டேன். ஏரம்பு மயங்கிப் பேசினார். நோவில் முனகுகிறார் என்று நினைத்தேன். முழு ஊசி ஒன்று போட்டேன். நாற்பது பேருக்கு நான் ஒருத்தி. அடுத்த முறை அவருடைய கட்டிலுக்கு வந்தபோது அவர் மூச்சுவிடவில்லை.

மறுநாள் மேற்றன் எங்கள் இருவரையும் அறைக்குள் கூப்பிட்டுக் கதவைச் சாத்தினார். ஒரு மருந்துக்குப்பி கணக்கில் குறைந்தது. அவர் சொன்னபடி செபஸ்தியம்மா புத்தகத்தில் எழுதினாள்: பொம்மர் அடியில் ஒரு குப்பி உடைந்தது. நான் சாட்சிக் கையெழுத்து வைத்தேன். டொக்டருக்கு இது தெரியாது. அவர் கண்ட உண்மை, ஒரு கொழுத்த மனுசன் ஒரு ஊசியோடு செத்துப்போனான் என்பதுதான். விறாந்தையில் நின்ற ஏரம்புவின் மனைவி பராசக்தியிடம், உடம்புதான் காரணம், கொழுப்புக்குள் மூச்சுத் தாங்கவில்லை என்று சொன்னார். நான் பக்கத்தில் நின்றேன்.

செபஸ்தியம்மா இப்போது கனடாவில். மேற்றன் இளைப்பாறிவிட்டார். நான் மிஞ்சினேன். அன்றிலிருந்து டொக்டர் சண்முகநாதன் உடம்பு பெருத்தவர்களுக்குப் பெதிடின் எழுதுவதை நிறுத்தினார். எட்டுப் பேருக்கு இப்படி நடந்தது; மக்டலீன் ஒன்பதாவது. எட்டுப் பேரும் கம்பியைப் பிடித்துக்கொண்டு கிடந்ததை நான் பார்த்தேன். ஒருவருக்கும் நான் வாய் திறக்கவில்லை. செத்த மனுசனின் வயிற்றின் மேல் எங்கள் பிழையைத் தூக்கிப் போட்டுவிட்டு, அந்த வயிறு உள்ள எல்லோரையும் தண்டிக்க விட்டேன்.

அதோடு முடியவில்லை. ஊருக்குப் போகும்போதெல்லாம் பராசக்தியின் வீட்டைத் தாண்டித்தான் போகவேண்டும். ஏரம்புவின் ஒரே மகள் குணலட்சுமி தகப்பனை உரித்துவைத்த பிள்ளை. அதே உருண்டை முகம், அதே உடம்பு வாகு. புருஷன் செத்த மாதத்திலிருந்து பராசக்தி அவளுக்கு அளந்துதான் சோறு போட்டாள். விடிய வளவைச் சுற்றி ஓடவைத்தாள். பதினான்கு வயதுப் பிள்ளை பள்ளிக்கூட வகுப்பில் இரண்டுமுறை மயங்கி விழுந்தது என்று அம்மா சொன்னபோது, நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளிவைத்துவிட்டு எழும்பினேன். அப்போதும் வாய் திறக்கவில்லை.

மக்டலீனுக்கு இரண்டாம் நாள் பின்னேரம் காய்ச்சல் பிடித்தது. மூன்றாம் நாள் காலை மூச்சை எண்ணினேன். நிமிடத்துக்கு முப்பத்தாறு. ஒவ்வொன்றும் தொண்டையோடு திரும்பிவிடுகிற மூச்சு. நெஞ்சுக்குள் கரகரவென்று கேட்டது, இருமினால் வந்துவிடும், ஆனால் இருமினால் வெட்டுப் பிளப்பதுபோல நோகும் என்று அவள் இருமவில்லை. உதடு கறுக்கத் தொடங்கியிருந்தது. ஸ்ரெல்லா விசிறியைக் கீழே போட்டுவிட்டு, அக்கா சாகப்போறாவோ என்று என்னிடம் நேராகக் கேட்டாள். எனக்குப் பதில் தெரியும். பெதிடின் மூச்சை நிறுத்தும் என்று பயந்து கொடுக்காமல் விட்டோம். இப்போது நோவு மூச்சை நிறுத்திக்கொண்டிருந்தது.

பழைய புத்தகங்கள் கிடக்கும் அறைக்குப் போய் 1990இன் ஊசிப் புத்தகத்தைத் தேடி எடுத்தேன். கறையான் ஓரங்களைத் தின்றிருந்தது. நடுப்பக்கங்களைத் தொடவில்லை.

டொக்டர் வந்து பதினோராம் கட்டிலின் கால்மாட்டில் நின்று, காய்ச்சலைப் பார்த்துவிட்டு, இந்த உடம்புகளோடு இதுதான் வில்லங்கம் என்று சொல்லத் தொடங்கினார். நான் புத்தகத்தை விரித்து அவர் கையில் வைத்தேன்.

"சேர், ஏரம்பு உடம்பாலை சாகேல்லை," என்றேன். "அவருக்கு ரெண்டு ஊசி போட்டது. முதல் ஊசி செபஸ்தியம்மா. ரெண்டாவது நான். உதிலை உடைஞ்சது எண்டு எழுதியிருக்கிற குப்பி உடையேல்லை."

அவர் அந்த வரியை வாசித்தார். கீழே என் கையெழுத்தையும் வாசித்தார். முதலில் அவர் முகத்தில் வந்தது கோபம் இல்லை, ஆறுதல். ஒப்பரேசனில் ஒரு பிழையும் இருக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்வதுபோலச் சொன்னார். அதற்குப் பிறகுதான் கோபம் வந்தது. இரண்டரை வருடம் மறைத்திருக்கிறீர், உம்முடைய வேலை போகும், பொலிஸும் கூப்பிடும் என்றார். ஓம் சேர் என்றேன். அது எல்லாம் நியாயம்.

"இப்ப இவவுக்கு ஊசியை எழுதுங்கோ," என்றேன்.

அவர் பேனையை மூடிச் சட்டைப்பையில் குத்தினார்.

"உதுக்கும் இதுக்கும் என்ன? இந்த உடம்புக்கு நான் எழுதமாட்டன்."

அந்த இடத்தில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது. இரண்டரை வருடமாக நான் என் பொய்யைச் சுமந்து திரிந்தேன்; அந்தப் பொய்தான் அவருடைய கையைக் கட்டிவைத்திருக்கிறது என்று நம்பினேன். கட்டை அவிழ்த்துவிட்டேன். கை அசையவில்லை. ஏரம்பு அவருக்குக் காரணம் இல்லை, வசதி. இந்த உடம்பைச் சம்பாதித்தவள் இதையும் அனுபவிக்கட்டும் என்பதுதான் சிவப்பு மைக்குக் கீழே இருந்தது. மெலிந்தவளுக்கு நோவு வந்தால் அது நோவு. கொழுத்தவளுக்கு வந்தால் அது அவளுடைய குற்றம். இதைப் படிக்க இவர் கடல் கடந்து போய்ப் பட்டம் வாங்கிவந்தாரா என்று எனக்குக் கொதித்தது. பயம் போய்விட்டது. போன வேலைக்கு இன்னும் என்ன பயம்.

ரிக்கற்றைக் கொளுவியிலிருந்து கழற்றி அவர் முன்னால் நீட்டினேன்.

"அப்ப காரணத்தை எழுதுங்கோ, சேர். பெதிடின் வேண்டாம் எண்டதுக்குக் கீழை, ஏன் எண்டு ஒரு வரி. ஏரம்புவை இனி எழுதேலாது."

அவர் ரிக்கற்றை வாங்கினார். பேனையைத் திறந்தார். எழுதப்போகிறவர் போலத்தான் குனிந்தார். மூச்சு நின்றுவிடும் என்று எழுதலாம். ஆனால் பக்கத்தில் முப்பத்தாறு என்று நான் எழுதிய மூச்சுக் கணக்கு இருந்தது. மருந்து இல்லை என்று எழுதலாம். அலுமாரி பின்னால் இருந்தது. மனதில் இருந்ததை எழுதலாம்; அதைக் கடுதாசியில் எழுதுகிற துணிவு அந்த மாதிரி ஆட்களுக்கு வராது. பேனை நின்ற இடத்தில் சிவப்பு மை ஒரு பொட்டாய் ஊறியது.

பத்தாம் கட்டிலிலிருந்து செல்வநாயகி ரீச்சரின் குரல் வந்தது.

"எழுதுங்கோ டொக்டர். அவவுக்கு இங்கிலீசு தெரியாது. நான் வாசிச்சுச் சொல்லுறன்."

டொக்டர் சண்முகநாதன் சிவப்பு வரியை வெட்டினார். கீழே எழுதினார்: பெதிடின், கால் அளவு, நரம்பு வழியாக, மெதுவாக, மூச்சு எண்ணி, தேவையானால் திரும்பவும். அதற்குக் கீழே, என்னைத் தண்டிப்பதற்காக, இன்னொரு வரியும் எழுதினார். பொறுப்பு நேர்ஸ் தானே பக்கத்தில் இருக்கவேண்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை மூச்சை எண்ணவேண்டும்; எழும்பக்கூடாது. கோபத்தில் எழுதினாரோ எப்படியோ, அதைவிடச் சரியான கட்டளை ஒன்று இருக்க முடியாது. ஏரம்புவுக்கு ஒருத்தி அப்படி இருந்திருந்தால் போதும்.

நானும் ஸ்ரெல்லாவும் தலையணைகளை அடுக்கி மக்டலீனை நிமிர்த்தி இருத்தினோம். ஊசியைச் சேலைன் குழாயில் சொட்டுச் சொட்டாக ஏற்றினேன். மூச்சு நின்றால் திருப்புகிற மருந்து எங்களிடம் இல்லை. அதனால் என் கண்ணை அவளுடைய நெஞ்சிலிருந்து எடுக்கவில்லை. முப்பத்தாறு. முப்பத்திரண்டு. இருபத்தெட்டு. கம்பியைப் பிடித்த விரல்கள் ஒவ்வொன்றாக விட்டன. அரை மணித்தியாலம் கழித்து இன்னும் கொஞ்சம் ஏற்றினேன். இருபத்திரண்டில் நின்றது. அது ஆழமான மூச்சு. வயிறுவரை போய்த் திரும்புகிற மூச்சு.

ஒரு தலையணையை வெட்டின்மேல் வைத்து அவளுடைய கைகளால் அணைக்கச் சொல்லி, இப்போது இருமுங்கோ என்றேன். இருமினாள். முதல் இருமலில் ஒன்றும் வரவில்லை. மூன்றாவதில் மஞ்சளாய்க் கட்டிச் சளி வந்தது. அந்தச் சட்டியை நான் பார்த்ததுபோல மணப்பெண்கூடத் தாலியைப் பார்த்திருக்கமாட்டாள். மத்தியானம்வரை இருமிக்கொண்டேயிருந்தாள். உதட்டின் கறுப்பு கழன்றது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்து மெதுவாகக் கேட்டாள்.

"அப்ப இது எனக்கும் போடுற ஊசிதானோ, மிஸ்ஸி? என்னைப்போலை ஆக்களுக்கு ஊசி இல்லையெண்டெல்லோ நான் நினைச்சுக்கொண்டு கிடந்தனான்."

மூச்சை எண்ணுகிற சாட்டில் குனிந்துகொண்டேன்.

அவள் பதினோராம் நாள் நடந்து வீட்டுக்குப் போனாள். எனக்கு அதற்கு முன்னரே கடிதம் வந்துவிட்டது. விசாரணை முடியும்வரை வேலையில்லை. டொக்டர் அறிக்கையில் என் பிழையை இரண்டு பக்கத்துக்கு எழுதியிருந்தார். ஒன்றும் பொய்யில்லை. ஒன்பது பேருடைய ரிக்கற்றில் தான் எழுதிய சிவப்பு வரியைப் பற்றி அதில் ஒரு சொல்லும் இல்லை. அதற்கு விசாரணையும் இல்லை.

கடிதம் கிடைத்த ஞாயிற்றுக்கிழமை காலை, உடுப்புப் பையைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு சண்டிலிப்பாய்க்குப் போனேன். எங்கள் வீட்டுக்குப் போகவில்லை. பராசக்தியின் படலையில் இறங்கினேன். அவள் குசினி வாசலில் மரவள்ளிக்கிழங்கு வெட்டிக்கொண்டிருந்தாள். வாங்கோ ஞானம் அக்கா என்றாள். இருக்கச் சொன்னாள். நான் இருக்காமல் நின்றபடியே எல்லாவற்றையும் சொன்னேன்: விளக்கு, பொம்மர், இரண்டு ஊசி, உடைந்தது என்று எழுதிய குப்பி. அவள் கத்தியைக் கீழே வைக்கவும் இல்லை, வெட்டவும் இல்லை.

"டொக்டர் கொழுப்பெண்டு சொன்னவர்," என்றாள் கடைசியில். "நீங்கள் பக்கத்திலை நிண்டனீங்கள். தலையாட்டினனீங்கள்."

அதை நான் மறந்திருந்தேன். அல்லது மறந்ததாக வைத்திருந்தேன். ஓம் என்றேன்.

அவள் என்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் எனக்குச் சுகமாயிருந்திருக்கும். வளவுப் பக்கம் திரும்பி மகளைக் கூப்பிட்டாள். வேலி ஓரமாக ஓடிக்கொண்டிருந்த குணலட்சுமி வேர்த்து விறுவிறுத்து வந்தாள். பதினாறு வயது. உருண்டை முகம் அப்படியே இருந்தது. கழுத்துக்குக் கீழே சட்டை தொங்கியது. கண்ணைச் சுற்றிக் கறுப்பு.

"எனக்குச் சொன்னதை இவளுக்கும் சொல்லுங்கோ," என்றாள் பராசக்தி. "ஒண்டும் விடாமல்."

உங்கடை அப்பா உடம்பாலை சாகேல்லை, பிள்ளை, நாங்கள் விட்ட பிழையாலை செத்தவர் என்று தொடங்கி, ஒன்றும் விடாமல் சொன்னேன். அவள் கேட்டுக்கொண்டு நின்றாள். வேர்வையைத் துடைக்கவில்லை. நான் சொல்லி முடித்தபோது அவள் என்னைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

"அப்ப நான் இனிச் சாப்பிடலாமோ, அம்மா?" என்று கேட்டாள்.